பின்னறையில் இருந்த மைனா

பெயிண்ட் கரைக்கும் தின்னரின் வாசம் எனக்கு அப்போது ரொம்பப் பிடிக்கும். கனிந்த வாழைப்பழம் மாதிரி இனிப்பாக வந்து தலையை லேசாகக் கிறங்கடிக்கும். தொண்ணூறுகளில், குருபோங்கில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில்தான் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மோட்டார் சைக்கிள் டாங்கிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பார். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டிவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கும். கண்ணாடி வழியே விழும் வெயிலில் சிவப்புப் பனி மிதக்கும். எட்டிப் பார்த்தால் மாமா மேகத்துக்குள் நிற்பார்.

மூலையில் ஒரு கூண்டில் அவருடைய மைனா, பேச்சுத் துணைக்கு. "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்க அவரே பழக்கியிருந்தார். அச்சு அசல் மாமா குரல். பள்ளி விட்டு வந்ததும் அது அப்படிக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பிறகு மைனா தடுமாற ஆரம்பித்தது. "பாப்பா..." என்று இழுத்து, அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச நாளில் அதுவும் போயிற்று. மாமா புதிதாக ஒரு சீட்டி சொல்லிக்கொடுத்தார். காலையில் படித்ததை மாலையில் காணோம். என்னையே மறந்துவிட்டதே என்று அழுதேன். பேச்சு வர சிலி பாடி என்னும் ஊசி மிளகாயை ஊட்டினோம். அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். அந்தக் கறுப்பு மூஞ்சிக்கு யார் கண் பட்டதோ!

பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இந்த நாத்தத்துல மனுசனுக்கே தல சுத்துதுலா. பறவ என்னா செய்யும்? வெளிய மாட்டுங்க."

கூண்டை வெளியே ஜம்பு மரத்தில் மாட்டினோம். மெல்ல மெல்ல அது தெளிந்தது.

அந்த நாட்களில் மாமா ரொட்டி வாங்கக் கடைக்குப் போய் வெறுங்கையோடு வருவார். என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இவனுக்கு சீக்கிரம் பொண்ணு பாக்கணும்" என்று அம்மா கேலி செய்வார்.

ஒரு மத்தியானம் மரத்திலிருந்து முழுசாகக் கேட்டது: "பாப்பா, சாப்பிட்டியா?"

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மாமா கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு வந்துருக்கா? எங்கயோ கேட்ட கொரலா இருக்கே."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். தூசி விழுமே என்று உடனே கதவைச் சாத்திக்கொண்டார். அவரையும் வெளியே கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.