சந்தனம் வைக்காத டிஸ்க்

போன வாரம் வேங்கிக்காலில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோகிறவர்கள்தான் வழக்கமாக வருவார்கள். இவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்து, "அக்கா, இத பென் டிரைவ்ல போட்டுத் தருவீங்களா? எங்க போனாலும் டிஸ்க் போடற மிஷினே இல்லன்றாங்க" என்றாள்.

உள்ளே மூன்று டிஸ்க். மேலே கறுப்பு மார்க்கரில் மணமக்கள் பெயர். எழுத்து என்னுடையது. உறையைத் திறந்ததும் வரவேண்டிய சந்தன வாசனை வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். பெண்ணின் பெயரை இன்னொரு முறை படித்தேன். ஏகாம்பரத்தின் மகள்.

ஏகாம்பரம் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் தேரடி வீதிப் பக்கம் ஒரு வீடியோ மிக்சிங் கடையில் வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ். கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பூ பறக்கவிட்டு, இதயத்துக்குள் மாப்பிள்ளையை உட்கார வைத்து டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பேன். எத்தனையோ மாப்பிள்ளைகளின் மூக்கிலிருந்து ரோஜா மலர வைத்த பாவம் எனக்கு உண்டு.

காலி டிஸ்க் வாங்குவதும் என் பொறுப்பு. ஏகாம்பரம் கடையில் உறையில்லாமல் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். நான் ஒன்றை உருவி டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பேன். வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தால் ஆகாது. அடுத்து கீழ்ப்பக்கத்து நிறம். வெளிறிய பச்சை என்றால் ஆறு மாசம்தான் தாங்கும், கருநீலம் என்றால் பரவாயில்லை, பொன் நிறம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இது என் சாஸ்திரம். டப்பாவை வாங்கி வந்ததும் ஒன்றை மட்டும் எழுதி, கடையில் இருந்த கிழட்டு பிளேயரில் போட்டுப் பார்ப்பேன். எதைக் கொடுத்தாலும் துப்புகிற பிளேயர் அது. அதில் ஓடினால் ஊரில் எந்த வீட்டிலும் ஓடும். எழுதும்போது வேகத்தைக் குறைத்து வைப்பேன். கீழ்ப்பக்கத்தில் விரல் படாமல் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவேன். டிஸ்க் பார்க்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு. மேல்பக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அது பெயர் எழுதவும் பொட்டு வைக்கவும்.

ஆமாம், பொட்டு. எங்கள் முதலாளியின் வழக்கம் அது. மேல்பக்கம் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில்தான் கொடுக்க வேண்டும். "கல்யாண சிடிய மொட்டையா குடுத்தா நல்லா இருக்குமாம்மா?" என்பார்.

என் அக்கா கல்யாணத்தையும் நான்தான் எழுதினேன், ஏகாம்பரம் கடை டிஸ்க்கில். மூன்றாவது டிஸ்க்கின் கடைசியில் பந்தி. அப்பா ரச வாளியோடு வருகிறார். கேமராவைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். பிறகு துண்டை விலக்கி, "சாப்ட்டியாப்பா? மொதல்ல சாப்புடு, அப்பறம் படம் புடிக்கலாம்" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நடமாடுவதும் பேசுவதும் அந்த ஒரு இடத்தில் மட்டுமே மிஞ்சியது. கேசட்டின் மேல் முதலாளி அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிட்டார். அக்காவிடம் இருந்த டிஸ்க்குகளைப் புகுந்த வீட்டுப் பிள்ளைகள் சக்கரம் விட்டுத் தீர்த்தார்கள். மிஞ்சியது எங்கள் வீட்டில் இருந்த ஒரு செட் மட்டும்தான். காப்பி போட்டு வைத்திருக்கலாமே என்பீர்கள். ஊருக்கெல்லாம் காப்பி போட்டவளுக்கு அது தோன்றவில்லை.

அமாவாசைதோறும் அப்பாவுக்குப் படைத்த பிறகு அந்த டிஸ்க்கைப் போடுவோம். பழைய சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துத்தான் போடுவேன். ஓர் அமாவாசையன்று அப்பா துண்டை விலக்குகிற நேரத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. "சாப்ட்... சாப்ட்..." என்று குரல் திக்கியது. திரை கறுத்தது. "மறுபடி போடுடி" என்றாள் அம்மா. எத்தனை தடவை போட்டாலும் அங்கேயே நின்றது.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்திடம் போனேன். புரட்டிப் பார்த்தார். "மேல சந்தனம் கிந்தனம் வெச்சி சுரண்டினியா பாப்பா? அப்பிடிப் பண்ணக் கூடாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டமான சரக்கை விற்றுவிட்டுச் சாமி காரியத்தின் மேல் பழி போடுகிறான். "எத்தினி வருஷமா வெக்கிறோம், இப்பதான் சந்தனம் கெட்டுப் போச்சா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"நம்ம சரக்கு ஃபர்ஸ்ட் குவாலிட்டிமா. அண்ணாமலையார் மேல சத்தியம்" என்றார்.

மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். எனக்கு அந்தக் குணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஊரில் இருந்த ஸ்டுடியோக்களுக்கெல்லாம் நடையாய் நடந்து, அவர் கடையில் டிஸ்க் வாங்காதீர்கள் என்று சொன்னேன். சிலர் நிறுத்தினார்கள். எனக்கு அது போதவில்லை.

அடுத்த தையில் அவர் மகளுக்குக் கல்யாணம். வீடியோ எங்கள் கடை. மிக்சிங் முடிகிற சமயத்தில் ஏகாம்பரமே வந்து ஒரு பாக்கெட்டை நீட்டினார். சென்னையிலிருந்து வரவழைத்தது, ஒவ்வொன்றும் தனி உறையில், அத்தனையும் பொன் நிறம். "பொண்ணு கல்யாணம் பாரு. இதுல எழுதிக் குடு பாப்பா" என்றார். சத்தியம் செய்த அதே வாய்!

சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன். அவர் தலை மறைந்ததும், எங்களிடம் மிச்சமிருந்த அவர் கடை டப்பாவிலிருந்தே இருப்பதில் மட்டமான மூன்றை, வெளிறிய பச்சையாகப் பார்த்துப் பொறுக்கினேன். கற்ற வித்தையெல்லாம் அன்றுதான் முழுதாகக் கைகொடுத்தது. இரண்டு சரக்குக்கும் மேல்பக்கம் வெறும் வெள்ளிதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மகள் கல்யாணம் கட்டம் கட்டமாகச் சிதறட்டும், இந்த ஆள் டிவி முன்னால் திருதிருவென்று விழிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். சந்தனமும் வைக்கவில்லை. என் கையால் இவனுக்கு மங்கலம் ஒரு கேடா? மொட்டை டிஸ்க்கை வாங்கிப் பார்த்த ஏகாம்பரம், "இப்பதான் கரெக்டா குடுத்திருக்க" என்று மெச்சியது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொன் நிற டிஸ்க்குகளை, நல்ல மனுஷர்கள் என்று நானாக முடிவு செய்த சில வீட்டுக் கல்யாணங்களுக்குப் போட்டேன். அவற்றுக்கு மறக்காமல் சந்தனம் வைத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

என் கடைக் கம்ப்யூட்டரில் டிஸ்க் தட்டு இன்னும் வேலை செய்கிறது. ஏகாம்பரத்தின் மகள் கொடுத்ததைப் போட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருஷம் கழித்து என் பழி பலித்ததை நேரிலேயே பார்க்கப் போகிறேன்.

முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் ஏகாம்பரம் பட்டு வேட்டியில் நின்று யாரையோ, "வாங்க, வாங்க, சாப்ட்டுதான் போவணும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். எங்கேயும் நிற்கவில்லை, திக்கவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பா போயி ஆறு மாசம் ஆவுதுக்கா. இந்த டிஸ்க்க யாரையும் தொட உட மாட்டாரு. அம்மா ஒரு தபா பொட்டு வெக்கப் போனதுக்கு, மேல இருக்கிற வெள்ளி உரிஞ்சிடும்னு அப்பிடித் திட்டினாரு."

பென் டிரைவை எடுத்துக்கொண்டவள், "இத வெச்சி இன்னா பண்றது, நீங்களே வெச்சிக்குங்க" என்று டிஸ்க்குகளை விட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து அப்பாவின் டிஸ்க்கை எடுத்தேன். காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். காலி டிஸ்க்கைத்தான் அப்படிப் பார்ப்பேனே தவிர, எழுதியதை ஒருநாளும் பார்த்ததில்லை. படத்தின் கடைசி பதிந்திருக்கும் ஓரத்தில் வெள்ளி உரிந்து வட்டமாக வெளிச்சம் வந்தது. மோதிர விரலை அதன்மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

தேரடி வீதிக் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஏகாம்பரம் கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை. காலி டிஸ்க் கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அத்தனை டப்பா விற்றாரே, விற்கும்போதே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா? அவரும் போய்விட்டார். பழி தீர்க்க இனி மிச்சமிருப்பது இந்த மோதிர விரல் ஒன்றுதான்.