இருபதாவது சைக்கிள்

எங்கள் அரிசி ஆலையின் நோட்டீஸ் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்ட அன்று, அதைக் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் ‘சைக்கிள்’ என்று பார்த்ததுமே டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆட்களை ஏற்றிவந்த ஆலை வேன் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் திட்டம். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் சைக்கிளைக் கடைக்காரர் ஆடித் தள்ளுபடியில் ஆறாயிரத்துக்குத் தருவார். அதில் இரண்டாயிரம் ஆலை போடும். மீதியை மாதம் நானூறாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், வட்டி கிடையாது. நிபந்தனை இரண்டு. ஆடி முடிவதற்குள் இருபது பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் திட்டம் இல்லை. வண்டி வந்த ஒரு மாதத்துக்குள் அதில் வேலைக்கு வரத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆலை போட்ட இரண்டாயிரத்தையும் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

எனக்கு அந்தச் சைக்கிள் ஆசை இல்லை, தேவை. நான் ஆலையின் லேபில் வேலை பார்க்கிறேன். லாரியில் வரும் நெல் மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. குறுவை அறுவடை தொடங்கினால் விடிவதற்குள் லாரிகள் வரிசை கட்டிவிடும். அந்த வருடம் காலை ஆறு மணிக்கே லேபைத் திறக்க ஒரு பொறுப்பாளரைப் போடப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சம்பளமும் கூடும், பேச்சுக்கு மரியாதையும் கூடும். லேபில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என்னைவிட ஐந்து வயது இளையவள், ஆனால் ஆலையில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். இருவருக்கும் மினி பஸ்தான், அதன் முதல் டிரிப்பே ஏழேகாலுக்குத்தான். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் அவரை நம்ப முடியாது. ஆக, யார் சொந்தமாக ஆறு மணிக்கு வந்து நிற்கிறாளோ அவளுக்குத்தான் அந்தப் பொறுப்பு.

கடையில் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏழாயிரத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கிற வீடு இல்லை எங்களுடையது.

தாளில் முதல் பெயர் என்னுடையது. நாலு நாளில் சேர்ந்தது மூன்று பெயர். கேன்டீனில் போய் நின்று கேட்டேன்.

“ஆடி மாசத்துல யாராச்சும் வண்டி வாங்குவாங்களா?” என்றார் பாய்லர் பார்க்கிறவர்.

“சைக்கிள்தானே அண்ணே.”

“அதுவும் வண்டிதானே. உங்களுக்கு என்னம்மா, சர்ச்சுக்குப் போறவங்க. எங்களுக்குத்தானே இதெல்லாம்.”

வாஸ்தவம். எங்களுடையது நாலு தலைமுறையாக லுத்தரன் குடும்பம். எனக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. “ஆடித் தள்ளுபடின்னு துணிக்கடை வாசல்ல மட்டும் முதல் ஆளா நிக்கிறீங்க?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

வழி சொன்னது லேபில் என்னோடு இருந்த அந்த இன்னொருத்திதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள். “ஏன்க்கா மல்லுக்கட்டுறீங்க? பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குக் கையெழுத்த வச்சுக்குங்க. ஆடியா இருந்தாலும் அது நல்ல நாளு. வண்டிய ஆவணி பொறந்து எடுத்துக்கிட்டாப் போச்சு.”

இத்தனை வருடம் இவர்களோடு வேலை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. பதினெட்டாம் பெருக்கு அன்று ஆலை அரை நாள்தான். காலையில் குடும்பத்தோடு காவிரிக்குப் போனவர்கள் கையில் மஞ்சள் நூலும் டப்பாவில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறுமாக வந்தார்கள். சோற்றுக்குப் பக்கத்திலேயே தாளை வைத்தேன். பாய்லர்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, கிழக்கே பார்த்து நின்று கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் மற்றவர்களும் மளமளவென்று போட்டார்கள். ஒரு மணிக்குள் பத்தொன்பது.

இருபதாவது கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிள்காரர்கள். அந்த நாள் போனால் அப்புறம் ஆடி முடியும்வரை ஒருவரும் பேனாவைத் தொட மாட்டார்கள். நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

“உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!”

“பொண்ணு ஓட்டுவா. ஒரு ஆளு குறையுதுல்ல” என்று சொல்லிப் போட்டுவிட்டாள்.

இரண்டாவது நிபந்தனையை அவள் படித்திருக்கவில்லை. நான் படித்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாளோ என்று பயம். அதைவிட மோசம், எனக்குச் சைக்கிளும் வருகிறது, இவளுக்கு ஓட்டவும் தெரியாது என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

ஆவணி முதல் முகூர்த்தத்தில் இருபது சைக்கிளும் ஆலை வாசலில் வந்து இறங்கின. சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக மிதித்தது. வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர், இருபது நிமிஷம். மினி பஸ்ஸுக்குக் கொடுத்துவந்த காசிலேயே மாதத் தவணையைக் கட்டிவிடலாம் என்று போகிற வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். அவளுடைய வண்டி அவள் மகளோடு பள்ளிக்கூடம் போய்வந்தது.

மூன்றாவது வாரம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் தினமும் கேட்டில் சைக்கிளைக் குறித்து வைத்திருக்கிறார், உங்களுடையது ஒரு நாளும் வரவில்லை, மாதம் முடிந்தால் இரண்டாயிரம் பிடிப்போம் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை. மாதிரித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தாள நீங்க முழுசாப் படிச்சீங்களாக்கா?”

“படிச்சேன்.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கணும்” என்றேன். அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, “நாளைக்குச் சாயங்காலம் பொண்ண வண்டியோட இங்க வரச் சொல்லு” என்றேன்.

நெல் உலர்த்த டிரையர் வந்த பிறகு எங்கள் ஆலையின் பழைய நெற்களம் சும்மாதான் கிடக்கிறது. கல்யாண மண்டபம் அகலத்துக்குச் சிமெண்ட் தரை. சைக்கிள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் கிடையாது. வேலை முடிந்து தினமும் அரை மணி நேரம், மகளிடம் வண்டியை வாங்கி அவளை ஏற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். விழுந்தாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள். பிடிவாதக்காரி. அவளுடைய ஒரே கெட்ட பழக்கம், பின்னால் சின்னச் சத்தம் கேட்டாலும் திரும்புவது. திரும்பினால் ஹேண்டிலும் திரும்பும், அப்புறம் தரைதான். “பின்னால எவன் பெல் அடிச்சாலும் திரும்பாத! உன் வழியப் பாத்து நீ போ!” என்று களம் அதிரக் கத்துவேன். பதினோராம் நாள் நான் கையை விட்டது தெரியாமலே இரண்டு சுற்று வந்தாள்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “அடுத்த வாரம் லாரி வர ஆரம்பிச்சிரும். அந்தம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதாமே. அப்ப ஆறு மணிப் பொறுப்ப உங்களுக்கே போட்டுரவா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“தெரியும் சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அவர் காலண்டரைப் பார்த்தார். “அப்ப சரி. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. யார் முன்னால வந்து லேபத் திறக்கிறீங்களோ, குறுவைக்கு அவங்க. இன்னொருத்தர் சம்பாவுக்கு.”

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கே கிளம்பினேன். எனக்குப் பயமே இல்லை. அவள் ஓட்டக் கற்று முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாதி வழியில், மதகுக்குப் பக்கத்தில், முன்னால் ஒரு சைக்கிள் போவது தெரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அந்தக் குறுகல் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டுவது எனக்கு ஒரு பெரிய காரியமே இல்லை, அவள் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். பெல் அடித்தேன். இன்னொரு தரம் அடித்தேன். ஆலை கேட் வரைக்கும் அடித்துக்கொண்டே போனேன். அவள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.