கை நனைக்காத மதியம்

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு, பேசி, இரண்டு வீடும் சரி என்று சொல்கிற வரைக்கும் எதிராளி கொடுப்பதில் கை நனைக்கக் கூடாது. காபி நீட்டினால், "இப்பதான் குடிச்சேன்" என்று ஒரு பொய். பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. ஒரு வாய் உள்ளே போய்விட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அப்புறம் பின்வாங்கினால், "துன்னுட்டு இல்லேன்றா பாரு" என்று தெருவே பேசும்.

அதனால்தான் என் மகள் வந்து, "எம்மா, அவரு வூட்ல ஓட்டல்ல சாப்ட கூப்டறாங்க. பெரிய ஓட்டலு. வர்ற வியாழக்கிழம மத்தியானம்" என்று சொன்னபோது எனக்குப் பொறி தட்டியது.

"இன்னாத்துக்கு ஓட்டலு? பொண்ணு பாக்க வூட்டுக்குத்தான வரணும்? நம்ம வூடு இன்னா குத்துதா?"

"இப்ப எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான் மீன் விற்கிறவள். அவள் அப்பா போன பிறகு இருபது வருஷமாகக் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கடை போடுகிறேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் கூடையில் போட்டதில்லை. மனிதர்களையும் அப்படித்தான். ஏற்கனவே வந்த இரண்டு வரன்களைக் கேள்வி கேட்டே ஓட விட்டவள் நான். ஒருத்தன் சம்பளத்தைக் கேட்டால் கூரையைப் பார்த்தான். இன்னொருத்தன் அம்மா ரொம்பச் சிரித்தாள். இந்தப் பையன் என் மகள் வேலை பார்க்கிற கண்டெய்னர் கம்பெனி ஆபீசிலேயே இருக்கிறவன். இரண்டு தடவை பார்த்தேன், ஒரு குறையும் சிக்கவில்லை. அதுவே எனக்கு இடித்தது. குறையே இல்லாத ஆள் எங்கே இருக்கிறான்?

அவன் அப்பா அம்மா தெற்கத்திப் பக்கத்துக்காரர்கள். வண்ணாரப்பேட்டையில் மிளகாய், புளி மொத்த வியாபாரம். சொந்தக் கட்டடம். அப்படிப்பட்டவர்கள் மீன்காரி வீட்டு வாசலை மிதிக்க யோசிக்கிறார்கள், அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். அதுவும் வியாழக்கிழமை பார்த்து வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை எனக்கு வியாபாரம் மந்தம் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை குளித்தேன். கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். ராயபுரத்திலிருந்து காரில் போகும்போது என் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு முப்பது வயசாவப் போவுது. இதையும் கெடுத்தேன்னா இனிமே கல்யாணப் பேச்சே எடுக்காத. சத்தியமா சொல்றேன்."

அவள் சும்மா சொல்கிற பெண் இல்லை. ஆனாலும் பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? பெற்றவள் நான்தானே?

ஓட்டலுக்குள் நட்டநடு மத்தியானத்தில் விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். எங்கள் மார்க்கெட்டில் வெளிச்சத்தைக் குறைக்கிறவன் நேற்றைய மீனை விற்கிறவன். காலடிச் சத்தம் கேட்காத தரை. பேசுகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி மெதுவாகப் பேசினார்கள். நான் வாயைத் திறந்து, "எங்க உக்காரணும்?" என்று கேட்டதற்கே நாலு மேசை திரும்பிப் பார்த்தது.

பையனும் பெற்றவர்களும் முன்னமே வந்து காத்திருந்தார்கள். எழுந்து நின்றார்கள். அந்த அம்மா, "வாங்க மதினி" என்று என் கையைப் பிடித்தாள். உட்கார்ந்ததும் சுடுதண்ணீரில் நனைத்த வெள்ளைத் துண்டு வந்தது. அவள் கையை அழுத்தித் துடைத்தாள். சரிதான், என் கை பட்டதைத் துடைக்கிறாள். துண்டு எனக்கும்தான் வந்தது, எல்லாருக்கும்தான் வந்தது. இருந்தாலும் நான் அதை மனசில் போட்டு வைத்தேன்.

அங்கே மத்தியானம் செட் லஞ்சாம். என்ன வேண்டும் என்று நம்மைக் கேட்க மாட்டார்கள். அவர்கள் முடிவு பண்ணினதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் சூப்பு, உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணத்தில். சர்வர் பையன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று பாடம் ஒப்பித்தான். எதற்கு இவ்வளவு விளக்கம்? நான் கேட்டேனா?

நான் ஸ்பூனை எடுத்தேன், கிண்டினேன், வைத்தேன். "வயிறு சரியில்ல, நீங்க சாப்டுங்க" என்றேன். பையன் சாப்பிட்டான். அவன் அப்பா சத்தம் வராமல் குடிக்கப் பாடுபட்டார். என் மகள் குனிந்த தலை நிமிராமல் குடித்தாள்.

அடுத்தது மீன். பெரிய தட்டு, நடுவில் ஒரு துண்டு. தோல் இல்லை, முள் இல்லை, தலை இல்லை. தலை இல்லாத மீனிடம் நான் என்னத்தைக் கேட்பது? கொடுவா என்று சதையைப் பார்த்ததும் தெரிந்தது. "எப்பப்பா வந்துச்சு?" என்று சர்வர் பையனிடம் கேட்டேன். மேசைக்குக் கீழே மகள் என் காலை மிதித்தாள். அதையும் தொடவில்லை.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். அந்த அம்மாவும் தொடவில்லை! சூப்பையும் அப்படியேதான் திருப்பி அனுப்பியிருந்தாள். மீனை முள்கரண்டியால் இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள், வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. எனக்குச் சுரீரென்றது. அப்படியா சங்கதி? வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய். வீட்டில் வைத்துச் சொன்னால் நான் ஊரைக் கூட்டுவேன் என்று இந்த ஏசிக் குளிரில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாய். என் மகளுக்கு என்னடி குறை? நாக்கு நுனியில் நின்றது.

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிஷத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட சமையல் பெரியவர் ஒருத்தர் உள்ளேயிருந்து வந்து மேசை பக்கத்தில் நின்றார்.

"சாப்பாட்டுல ஏதாவது குறையாங்க? ரெண்டு பேர் தட்டும் அப்படியே திரும்பி வந்துச்சு. வேற ஏதாவது செஞ்சு தரட்டுமா?"

"குறை ஒண்ணும் இல்ல" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. "பொண்ணத் தர இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிருங்களேன் மதினி. எதுக்குத் தட்டத் தொடாம உக்காந்து எங்கள அவமானப்படுத்துதீய?"

"நானா? நீங்கதான் தொடல! நானும் அப்பலேர்ந்து பாத்துகினுதான் கீறேன்."

"பொண்ணப் பெத்தவங்க கை நனைக்காம பையனப் பெத்தவ நான் எப்படித் தொடுவேன்? எங்க ஊர்ல அப்படி வழக்கமே கிடையாது."

"வழக்கம் தெரிஞ்சவங்க வூட்டுக்கு வந்துதான பொண்ணு கேக்கணும்? ஓட்டல்ல கூப்ட்டு உக்கார வச்சது யாரு?"

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்களா கூப்பிட்டோம்? நீங்க ஓட்டல்ல வைக்கச் சொன்னீயன்னுல்லா இவன் வந்து நின்னான். எங்கள வீட்டுக்குள்ள ஏத்த இஷ்டமில்ல போலுக்குன்னு நானும் ரெண்டு நாளா தூங்கல."

பையன் மேசைத் துணியைப் பார்த்தான். நான் என் மகளைப் பார்த்தேன்.

"நான்தாம்மா" என்றாள். குரல் எழும்பவில்லை. "நான்தான் ரெண்டு பக்கமும் மாத்திச் சொன்னேன்."

"ஏண்டி?"

"அவங்க வூட்டுக்குப் போனா செவுத்தத் தட்டிப் பாத்துக் குத்தம் சொல்லுவ. நம்ம வூட்டுக்கு வந்தா கேள்வி கேட்டுக் கத்துவ. போன தபா வந்தவங்க செருப்பக்கூட சரியா மாட்டாம ஓடுனாங்க. இங்கன்னா கத்த மாட்டன்னு நெனச்சேன். உனுக்கு பயந்துதாம்மா இங்க வந்தோம், அவங்களுக்கு பயந்து இல்ல."

சமையல் பெரியவர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. அதை யார் மேல் காட்டுவது என்று தேடினேன், ஆள் கிடைக்கவில்லை. பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் மகளை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. என்னைப் பார்த்து அவள் பயப்படுவாள் என்றும் நினைத்ததில்லை.

"அய்யா, அந்த மீன் இருக்குதா?" என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் கொண்டாங்க."

சூடாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிட்டேன். எதிரே அந்த அம்மாவும் கரண்டியைத் தள்ளி வைத்தாள். வாயில் போட்டேன். உப்பு பத்தவில்லை. சொல்ல வந்தேன், மென்று விழுங்கினேன். அந்த அம்மாவும் ஒரு வாய் எடுத்து வைத்து, "நல்லாருக்கு மதினி" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் வீட்டுக்காரர் பெரிதாக மூச்சு விட்டார். பையன் சிரித்தேவிட்டான்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாய் சாப்டும்மா" என்றாள்.

ஒரு வாயை அவள் நம்பவில்லை.