தருமத்து மோர்

சித்தப்பா யாருக்கும் எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் அந்தக் கோடையில் ஆற்றங்கரைச் சாலையில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கு மோர் வைத்தார். பள்ளிக்கூடம் லீவு. எனக்கு ஒன்பது வயது. பந்தலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

காலையில் சித்தி இரண்டு பானை மோர் கரைப்பாள். இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டு, நாரத்தை இலையைக் கிழித்து மிதக்க விடுவாள். பானைகளை ஆற்று மணலைக் குவித்து அதன்மேல் வைத்து, ஈரத்துணி சுற்றிவிட்டால் பத்து மணிக்கெல்லாம் பானைக்கு வேர்த்துவிடும். பக்கத்தில் ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு.

குடிக்கத்தான் யாரும் வரவில்லை. அந்தச் சாலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் தெற்குத் தெருக்காரர்கள், எங்கள் வயல்களில் வேலை செய்கிறவர்கள். பந்தல் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். உதடு வெடித்திருக்கும். நேரே பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமில்லாமல் கடந்துபோவார்கள். "மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் காய்ந்தது.

ஒரே ஒருத்தி நின்றாள். எங்கள் பண்ணையாள் முருகையனின் மனைவி.

"எங்க வீட்டு ஆளு எங்கன்னு சித்தப்பா ஏதாச்சும் சொன்னாங்களா பாப்பா?"

"கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க."

அவள் மோர்ப்பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடிக்காமலே போய்விட்டாள்.

என் அப்பா வயதிருக்கும் முருகையனை நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். புது ஆட்சியில் நில உச்சவரம்பைக் குறைத்தபோது, சித்தப்பா தன் நிலத்தில் கொஞ்சத்தை அவன் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். பெயருக்கு மட்டும். மாசி மாதம் ஒருநாள் களத்தில் நின்று அவன், "பட்டா என் பேர்லதானே இருக்குங்க, நானே உழுதுக்கறேன்" என்றான். சித்தப்பா சிரித்தார். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

தருமத்துக்கு வைத்ததை வீட்டு மனிதர்கள் தொட்டால் பாவம் என்று அம்மா சொல்லியிருந்தாள். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஒரு டம்ளர் குடித்தேன். அப்புறம் கணக்கே இல்லை. சாயங்காலம் சித்தப்பா வந்து பார்த்தபோது பானையில் ஒரு சாண் குறைந்திருந்தது.

"யாரு குடிச்சது?"

பொய்க்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாயில் வந்த பெயரைச் சொன்னேன்.

"முருகையன்."

சித்தப்பா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் அருகில் குந்தி உட்கார்ந்து, ரகசியம் போலக் கேட்டார்.

"எப்படி இருந்தான்?"

"செவப்புத் துண்டு போட்டிருந்தான். எப்பவும்போல காலை இழுத்து இழுத்து நடந்தான்."

"பேசினானா?"

"உப்பு போதலன்னான்."

மறுநாள் சித்தப்பாவே உப்புப் போட்டார். அதற்கு அடுத்த நாள் வாழையிலையில் நுங்கு வந்தது. பிறகு பானகம், சீவிய இளநீர். எல்லாவற்றையும் தெற்குப் பக்கமாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார். எல்லாவற்றையும் நான் தின்று தீர்த்தேன். சாயங்காலம் காலி இலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். வீட்டில் அவர் சாப்பாடு குறைந்துபோனதைச் சித்தி சொல்லி அழுதாள். வெயில் காலம் அப்படித்தான் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

ஒருநாள் உச்சிப்பொழுது. மேட்டூரில் தண்ணீர் திறக்க இன்னும் நாள் இருந்தது. ஆறு முழுக்க வெள்ளை மணல், அதன்மேல் கானல். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. நுங்கைக் கையில் எடுத்தேன். பந்தலுக்குப் பின்னால், மணலில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கீற்று உரசியிருக்கலாம். ஆனால் அன்று காற்றே இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல், கையில் நுங்கோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையாக அன்று நான் எதையும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சித்தப்பா கேட்டார். "எந்தப் பக்கத்துலேர்ந்து வரான்?"

ஆற்றில் நிழல் என்று இருந்தது நடுவில் ஒரு நாணல் புதர் மட்டும்தான். மனிதன் அங்கிருந்துதானே வர முடியும்? கையை நீட்டினேன்.

சித்தப்பா மணலில் உட்கார்ந்தவர், இருட்டுகிறவரை எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோனார்.

மத்தியானம் அவரை ஜீப்பில் கூட்டிவந்தார்கள். நாணல் புதரடியில் ஆட்கள் தோண்டினார்கள். தெற்குத் தெரு முழுக்கக் கரையில் நின்றது. முருகையனின் மனைவி முன்னால் நின்றாள், அழாமல். என்னைக் கிட்டே விடவில்லை. மண்வெட்டிச் சத்தம் நின்றபோதுதான் அவள் குரல் கேட்டது. அது மனிதக் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சித்தப்பா கையில் விலங்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தருமத்து மோர் திருட்டுப் போனதற்கு அவரைப் பிடித்துப் போகிறார்கள். அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"நான்தான் குடிச்சேன் சித்தப்பா. நுங்கும் நான்தான் தின்னேன். முருகையன் வரவே இல்ல."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"வரவே இல்லையா?"

"ஒரு நாளும் வரல."

அவர் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, எனக்கு மனசு லேசாகிவிட்டது.