டப்பா மூடியில் ஒரு பூ

தையற்கடைக்காரர் பழைய சினிமா ஸ்டில்களாகச் சேர்த்து வீட்டையே நிரப்பியிருந்தார். கதாநாயகி அழகெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்தான். ஒரே காட்சியின் இரண்டு ஸ்டில்களை அருகருகே வைத்து, ஒன்றில் இடக்கையிலும் மற்றதில் வலக்கையிலும் கடிகாரம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், மனுஷன் தலைகால் தெரியாமல் குதிப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் மனைவி ஓடிவந்து பார்த்தாக வேண்டும்.

"ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடற கண்ணு, இதுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ!" என்பாள் அவள்.

சர்க்கரை வியாதி வந்ததும் டாக்டர் பிஸ்கட்டைத் தொடக்கூடாது என்றுவிட்டார். ஒருநாள் மனைவி கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவர் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் ஸ்டில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் டப்பாவைத் தொட்டீங்களா?"

"சேச்சே, அந்தப் பக்கமே போகலை."

மனைவி செல்போனை நீட்டினாள். கிளம்புமுன் டப்பாவைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தையும் அலமாரியில் இருந்த டப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடியே, இங்க பாரு! மூடியில இருக்கிற பூ, படத்துல சுவரைப் பார்க்குது. அங்க நம்மளைப் பார்க்குது!" என்று குதித்தவர், பாதிக் குதிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.