சிக்கனக் குழு சாப்பிட்ட புலசா மீன்

எழுபதுகளின் கடைசியில் ஒரு தேர்தல். பாண்டிச்சேரி வைத்திக்குப்பத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். "மந்திரிக்குக் காரு எதுக்கு? நாங்க வந்தா வீண் செலவு அத்தனையும் நிறுத்திடுவோம்!" என்று மேடையில் ஒருவர் முழங்கினார். பலமாகக் கை தட்டியவர் என் வீட்டுக்காரர்தான். அரசாங்கத்தில் அவர் குமாஸ்தா, நான் டைப்பிஸ்ட். ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். "இப்படிச் சொல்ல ஒருத்தன் வந்தானே!" என்று வழியெல்லாம் பூரித்துப்போனார்.

அவர்களே ஜெயித்தார்கள். மந்திரி முதல் நாள் சைக்கிளில் வந்தார், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காரில் வந்தார். கார் போகட்டும், எதையாவது மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டுமே! என் வீட்டுக்காரர் ஆபீஸில் சில பணியிடங்களை ரத்து செய்தார்கள். அதில் அவருடையதும் போயிற்று. ஏனாமில் காலியிடம் இருக்கிறது, அங்கே போ என்றார்கள். மெட்ராஸ் போய், ரயிலேறி, காக்கிநாடாவில் இறங்கி, மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். பாதி ஆந்திராவைத் தாண்டினாலும் அதே பாண்டிச்சேரி அரசாங்கம்தான், அதே சம்பளம்தான். இதில் என்னத்தை மிச்சம் பிடித்தார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"கொஞ்ச நாள்தான். வந்துட்றேன் பாரு" என்று கிளம்பினார்.

குருசுக்குப்பத்து வாடகை வீட்டில் நான் தனியாள் ஆனேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனால் சண்டை போடக்கூட ஆளில்லை. மீன்காரம்மா என்னைக் கேட்காமலே, "உனுக்கு இது போதும்மே" என்று கூறில் பாதியை எடுத்துவிட்டுத் தருவாள்.

இதற்கிடையில் செலவைக் குறைக்க ஒரு சிக்கனக் குழு போட்டார்கள். குழுவுக்கு ஓர் அறை, ஒரு கார், ஒரு டைப்பிஸ்ட். அந்த டைப்பிஸ்ட் நான்! குழு ஏனாமுக்குப் பார்வையிடக் கிளம்பியபோது அதிகாரியிடம் போய் நின்றேன்.

"சார், என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கருவாடு குடுத்து விடட்டுமா?"

"கவர்மெண்ட் கார்ல சொந்தச் சாமான் ஏத்தக் கூடாதும்மா. சிக்கனம் நம்மகிட்டேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

"அவரத் திரும்ப இங்க போட வழி இருக்கா சார்?"

"அந்தப் போஸ்டே இல்லியேம்மா."

கருவாட்டுப் பொட்டலத்தை வீட்டுக்கே தூக்கி வந்தேன்.

தீபாவளிக்கு அவர் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். "உங்க குழு வந்துச்சே! மழைக்காலத்துல கோதாவரியில மட்டும் வர்ற புலசா மீனு, ஆன வெல! அது இருந்தாத்தான் சாப்பாடுன்னு ஒரே அடம். கொட்ற மழையில மீனத் தேடி அலைஞ்சது நான்தான்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த தேர்தலும் வந்தது. சொன்னபடி சிக்கனம் செய்து காட்டினோம் என்று தெருவெல்லாம் மைக் கத்தியது. அந்தக் கட்சிக்காரப் பையன் ஒருவன், பெயரும் நம்பரும் எழுதிய பூத் சீட்டுகளோடு என் வாசலில் வந்து நின்றான்.

"இந்த வூட்ல ரெண்டு ஓட்டுக்கா. சார் இல்லியா?"

"இல்ல."

"எங்க போய்ட்டாரு?"

"அவரத்தான்டா நீங்க மிச்சம் புடிச்சிட்டீங்க!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு சீட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.