சொந்தக்காரர் இல்லாத ஏரி

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் உலகக்கிண்ணக் கால்பந்துக் கூட்டம் கலைந்துபோன அடுத்த மாசியில், நானும் என் கணவரும் முதல்தடவையாக விடுமுறைக்குப் போனோம். அதுவரைக்கும் எங்கள் பயணங்கள் எல்லாம் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்றுதான் இருந்தன. பாரிசுக்கும் லண்டனுக்கும் போயிருக்கிறோம். இரண்டு ஊரிலும் மண்டபங்களையும் உறவினரின் குசினிகளையும் தவிர வேறொன்றும் பார்த்ததில்லை.

அந்த வருடம் எங்கள் மகள் ஒரு பயண முகவர் நிலையத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். அவள் தனியாகச் செய்த முதல் பதிவு எங்களுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேசையில் படங்களைப் பரப்பினாள். தாய்லாந்தில், காட்டுக்கு நடுவே ஒரு ஏரி. ஏரியின் மேல் மூங்கில் குடிசைகள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன.

"அங்க ஆற்ற வீட்டில நிக்கிறது?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒருத்தற்ற வீட்டிலயும் இல்லை அப்பா. இந்தக் குடிசையிலதான்."

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதாலதான் உங்களை அங்க அனுப்புறன்."

அவர் படத்தைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "தண்ணிக்கு மேலயோ?" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்த பிறகு இருவராலும் மாட்டோம் என்று சொல்ல முடியவில்லை.

விமானம், பேருந்து, கடைசியில் ஒரு நீளமான மோட்டார் படகு. அணை கட்டித் தேக்கிய ஏரி அது. மூழ்கிப்போன காட்டின் பட்டமரங்கள் தண்ணீருக்கு மேல் அங்கங்கே நின்றன. இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள். எங்கள் குடிசையில் ஒரு மெத்தை, ஒரு நுளம்புவலை, ஏரியைப் பார்த்த ஒரு கதவு. அவ்வளவுதான். பக்கத்துக் குடிசையில் யாராவது நடந்தால் எங்களுடைய தரை ஆடியது. படகில் தந்த லைஃப் ஜாக்கெட்டை என் கணவர் கழற்ற மறுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டே வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். தங்குமிடத்தை நடத்திய தாய்லாந்துப் பெண் அதைப் பார்த்துச் சிரிக்காமல், அவருக்கு முன்னால் இன்னொரு துண்டு மீனை வைத்துவிட்டுப் போனாள்.

விடியற்காலை காட்டிலிருந்து நீண்ட கூவல் ஒன்று எழுந்தது. "ஆரோ குழறியழுகினம்" என்று அவர் எழும்பி உட்கார்ந்தார். குரங்குகள்தான். கதவைத் திறந்தேன். பனிப்புகார் ஏரிமேல் படிந்து கிடந்தது. சமைக்க வேண்டாம், வேலைக்கு ஓட வேண்டாம், ஒருவரையும் சுகம் விசாரிக்கவும் வேண்டாம். கால்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டபடி அப்படியே இருந்தேன். இப்படி ஒரு காலை எனக்கும் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

குடிசைகளுக்கு முன்னால், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகுகள் கட்டியிருந்தன. சும்மா இருக்கப் பொறுக்காமல் அன்று மத்தியானம் ஒன்றில் ஏறினோம். வண்டி ஓட்டுகிறவர் என்பதால் தானே செலுத்தப்போவதாகச் சொல்லி அவர் பின்னால் இருந்துகொண்டார்.

"வலது பக்கம் போடும்."

"வலதுதான் போடுறன்."

"அது வலதோ? நீர் போட்டால் படகு எனக்கு எதிராத் திரும்புது."

துடுப்பும் துடுப்பும் இடிபட்டன. படகு நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. டிரெஸ்டனிலிருந்து வந்திருந்த ஒரு வயதான ஜெர்மன் தம்பதி தங்கள் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குடிசைக்குத் திரும்பத்தான் முயற்சி செய்கிறோம் என்பது தெரியாமல், வேடிக்கைக்குச் சுற்றுகிறோம் என்று நினைத்து அந்த அம்மா கை தட்டினாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கெல்சென்கிர்ச்சனில் நான் ஆஸ்பத்திரிச் சீலைகள் தோய்க்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்தேன். அங்கே கட்டில் விரிப்புகளை இரண்டு பேராக மடிப்போம். கையைப் பார்த்து மடித்தால் பிந்திவிடும். எதிரே நிற்கிறவளின் தோளைப் பார்க்க வேண்டும். தோள் அசையும்போதே கை போய்விடும். அடுத்த நாள் படகில் ஏறியதும் அதையே அவருக்குச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, இனி ஒண்டும் சொல்லாதேங்கோ. என்ர தோளைப் பாருங்கோ. அது போற பக்கம் போடுங்கோ."

"பின்னால இருக்கிறவன்தானே செலுத்திறது?"

"செலுத்துங்கோ. ஆனால் என்ர தாளத்துக்குச் செலுத்துங்கோ."

அவர் முனகினார். ஆனால் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் துடுப்புகள் இடிபடவில்லை. பிறகு படகு நேராகப் போனது. தண்ணீரை வெட்டும் சத்தம் ஒன்றாகவே கேட்டது. மலையடி வரைக்கும் போனோம். வரும் வழியில் பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன், லைஃப் ஜாக்கெட்டின் மேல்வாரை அவர் தளர்த்தியிருந்தார். அதன் பிறகு காலையும் மாலையும் நாங்கள் ஏரியில்தான்.

கடைசி நாள், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்திருந்த இரண்டு மாணவர்கள் ஒரு போட்டி வைக்கலாம் என்றார்கள். தூரத்தில் தனியாக நின்ற பட்டமரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரவேண்டும். டிரெஸ்டன் தம்பதி சம்மதித்தார்கள். ஒரு தாயும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். மாணவர்களில் ஒருவன் எங்களைப் பார்த்து, நீங்கள் கஷ்டப்பட வேண்டாம், இங்கே இருந்து பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். நான் வாயைத் திறக்க முதல் என் கணவர் ஜெர்மனில் சொன்னார், "நாங்களும் வாறம்."

தாய்லாந்துப் பெண் ஒரு சட்டியில் அகப்பையால் தட்டினாள். புறப்பட்டோம்.

மாணவர்கள் எடுத்த எடுப்பில் பாய்ந்து போய்விட்டார்கள். மற்ற இரண்டு படகுகளும் பின்னால் தங்கிவிட்டன. நான் மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போட்டேன். பின்னால் அவருடைய மூச்சு என் மூச்சோடு சேர்ந்தே வந்தது. முன்னால் போனவர்கள் மரத்துக்கிட்டே வேகத்தை அடக்க முடியாமல் அகலமாகச் சுற்றி, யாருடைய பிழை என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

என் கணவர் பண்டகசாலையில் ஸ்டாப்லர் ஓட்டுகிறவர், அதுதான் பாரம் தூக்கும் வண்டி. பின்சக்கரத்தில் திரும்பும் வண்டி அது. அலுமாரிகளுக்கிடையே ஒரு சாண் இடம் இருந்தால் போதும், வளைத்து எடுத்துவிடுவார்.

"இப்ப நீர் துடுப்பைத் தூக்கும்" என்றார்.

தூக்கினேன். அவர் பின்னால் தன் துடுப்பை ஆழமாக இறக்கிப் பிடித்தார். படகின் மூக்கு மரத்தை உரசுகிற மாதிரிப் போய், அப்படியே திரும்பி நின்றது. எங்களுக்கு முன்னால் வெறும் தண்ணீரும் குடிசைகளும் மட்டும்தான்.

"இனிப் போடும்."

அதன் பிறகு துடுப்பு மட்டும்தான். தோள் எரிந்தது. மாணவர்களின் துடுப்புச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. குடிசைகளின் மூங்கில் தரையில் எங்கள் படகு இடித்தபோது அவர்களுடைய படகு எங்கள் பின்பக்கத்தை எட்டியிருந்தது. ஒரு படகு நீளம்கூட இல்லை. ஆனால் முதலாவதாக இடித்தது நாங்கள்தான்.

டிரெஸ்டன் அம்மா நடு ஏரியிலிருந்தே கை தட்டினாள். இந்தமுறை அது எங்களுக்குத்தான் என்று தெரிந்தது. மாணவர்கள் வந்து கை தந்தார்கள். எங்கே படகு பழகினீர்கள் என்று ஒருவன் கேட்டான்.

"கெல்சென்கிர்ச்சனில்" என்றார் என் கணவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவன் நம்பிவிட்டான். தாய்லாந்துப் பெண் ஒரு முழு அன்னாசியைச் சீவிக்கொண்டு வந்து எங்கள் மடியில் வைத்தாள். இருந்த இடத்திலேயே எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தோம்.

எனக்கு உடம்பு முழுக்கச் சூடாக இருந்தது. எழும்பி, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையின் விளிம்புக்குப் போனேன்.

"என்ன செய்யிறீர்?" என்று அவர் கேட்டார்.

"பாயப் போறன்."

பாய்ந்தேன். குளிர் தலைக்கு மேல் மூடியது. அடுத்த கணம் தண்ணீர் என்னை மேலே தூக்கிவிட்டது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விளிம்பில் நிற்கிறார்.

"தள்ளி நில்லும்" என்றார். "நானும் வாறன்."